எடைமேடைக் கம்ப்யூட்டர் எழுந்திரிக்கும் வரை

பழைய டூத் பிரஷ்ஷால் கீபோர்டு இடுக்கில் இருக்கிற மக்காச்சோளத் தூசியைத் தட்டித் தட்டி, நடுவில் இதை எழுதுகிறேன். நாமக்கல் பக்கம் ஒரு கோழித்தீவன மில்லின் எடைமேடையில் லாரிகளுக்குச் சீட்டு அடிக்கிற வேலை எனக்கு. லாரியை எடை போட இரண்டு நிமிஷம், எடை போடுகிற கம்ப்யூட்டர் எழுந்திரிக்க இருபது நிமிஷம். கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில் இப்படி ஒரு மிஷினோடு மல்லுக்கட்டுகிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கூப்பிடாமல் வந்த கூட்டம்

ஆன் செய்ததும் ஒவ்வொன்றாகத் தானே திறக்கும். முதலில் முதலாளி போடச் சொன்ன முருகன் பாட்டு. அடுத்து அவர் மச்சான் ஏற்றிவைத்த சீட்டாட்டம். எப்போதோ தூக்கிப்போட்ட பிரிண்டருக்கு இங்க் தீர்ந்துவிட்டது என்று ஒரு அறிவிப்பு வேறு. எல்லாம் வந்து உட்கார்ந்த பிறகுதான் எடை வரும். அதற்குள் லாரி வரிசை ரோட்டுக்குப் போய்விடும்.

நான் எட்டாவது வரைதான். என் பாப்பா போகிற அங்கன்வாடி மில்லுக்கு எதிரிலேயே இருக்கிறது. இந்த வேலை போனால் இப்படி இன்னொன்று கிடைக்காது. ஒருநாள் வரிசை ரோட்டை அடைத்தபோது முதலாளி சத்தம்கூடப் போடாமல் சொன்னார். "இன்னொருக்கா லாரி ரோட்டுல நின்னுச்சுன்னா, கம்ப்யூட்டர் படிச்ச புள்ளையாப் பாத்துக்கறேன் சாமி."

பேர் தெரியாத ஒன்று

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரிடம் கேட்கவே மூன்று நாள் கூச்சப்பட்டேன். தானாகத் திறப்பதற்கெல்லாம் உள்ளே ஒரு பட்டியல் இருக்கிறது, வேண்டாததை ஆஃப் செய்யுங்கள், எதுவும் அழியாது என்றார். எழுத்துக்கூட்டிப் படித்து தினம் ஒன்றாக ஆஃப் செய்தேன். நான்காம் நாள் வாயில் நுழையாத பேரில் இருந்த ஒன்றை ஆஃப் செய்தேன். எடையே வரவில்லை. மேடையிலிருந்து எடையைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவருவதே அதுதானாம்.

நல்லவேளை, முதலாளி மேட்டூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று ரிப்பேர்காரருக்குப் போன் போட்டு, அதைத் திரும்ப ஆன் செய்து முடிப்பதற்குள் ஒரு டிரைவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, சோளம் வண்டியிலயே முளைச்சுப்போயிரும் போல இருக்குதுங்க."

மூணு நிமிஷம்

முருகன் பாட்டை மட்டும் முதலாளியைக் கேட்காமல் எடுக்கப் பயம். போனில் போட்டுவிடுகிறேன் என்று தலையைக் குனிந்துகொண்டே கேட்டேன். சரி என்றுவிட்டார்.

நேற்றுக் காலை கரண்ட் போய் வந்தது. முதலாளி கையைக் கட்டிக்கொண்டு என் பின்னால் நின்றார். மூன்றே நிமிஷத்தில் எடை வந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சீட்டில் கையெழுத்துப் போட டிரைவரைக் காணோம். எப்படியும் இருபது நிமிஷம் ஆகும் என்று லாரியை மேடைமேலேயே பூட்டிவிட்டு இட்லி சாப்பிடப் போய்விட்டார். பின்னால் வரிசை ரோட்டைத் தொட்டது. தப்பு என்னுடையதில்லை என்று நேரில் பார்த்த முதலாளியே ஓட்டலுக்குத் தேடிப் போய்க் கூட்டிவந்தார். டிரைவருக்கு என்மேல்தான் கோபம். "இத்தனை வெரசா வரும்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்றதில்லீங்களா?"

மொத்தத்தில், கம்ப்யூட்டருக்குள் வேண்டாததை நிறுத்த ஒரு பட்டியல் இருக்கிறது, வெளியே இருக்கிற ஆளுகளுக்குத்தான் அப்படி ஒன்றும்... இதோ, "அம்மணி, வண்டியை ஏத்தியாச்சுங்க" என்று கூப்பிடுகிறார்கள், போய்...