ஜீப்பை நிறுத்திவிட்டுப் பால் கறந்தவர்கள்

மூன்று வருடத்துக்கு முன்பு, ஒரு ஐப்பசி மாதத்தில் நடந்தது இது. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில், முந்தல் என்ற ஊருக்குக் கொஞ்சம் முன்னால், மலைச் சரிவை ஒட்டி எங்கள் வீடு. கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது. என் கணவர் மேலே கேரளப் பக்கம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்க்கிறார். காய் எடுக்கும் மாதங்களில் அங்கே அடுப்பை விட்டு நகர முடியாது. பத்து நாளைக்கு ஒரு தடவை வீட்டுக்கு வந்தாலே பெரிது. மகள் மதுரையில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாள். ஆக, வீட்டில் நானும் ஐந்து தலைச்சேரி இன ஆடுகளும்தான்.

பாலுக்கு ஆடு வளர்ப்பது வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சுலபமாகத் தெரியும். கருக்கலிலேயே எழுந்து கொட்டகையைக் கூட்டி, புழுக்கையை அள்ளி, தண்ணீர் மாற்றி, மடியை வெந்நீரில் துடைத்து ஒவ்வொன்றாகக் கறக்க வேண்டும். அப்புறம் தழை. பனியும் தூறலுமாக இருக்கும் நாட்களில் ஈரத் தழையை அப்படியே போட்டால் வயிறு உப்பிவிடும். அறுத்ததை உதறி, காற்றாட விட்டுத்தான் கட்ட வேண்டும். சாயங்காலம் மறுபடி கறவை. நமக்குக் காய்ச்சல் அடித்தாலும் சரி, சொந்தத்தில் கல்யாணம் என்றாலும் சரி, இதில் ஒரு வேளை தப்பக்கூடாது.

எங்கள் வாசல் வழியாகத் தினமும் காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போகும். அதில் ஒரு ஜீப்போடு எனக்குச் சண்டை. ஓடுகிற வண்டியிலேயே சாப்பிட்டுவிட்டு, இட்லி கட்டி வந்த பாலித்தீன் பைகளை அந்த வளைவில்தான் வீசுவார்கள். உப்பும் சட்னியும் ஒட்டிய பை ஆட்டுக்குச் சர்க்கரை மாதிரி. ஒரு தடவை என் செவலை ஆடு அப்படி ஒரு பையை விழுங்கிவிட்டு இரண்டு நாள் அசை போடாமல் கிடந்தது. பிழைத்தது பெரும்பாடு. மறுநாள் காலையில் நடுரோட்டில் நின்று அந்த ஜீப்பை மறித்தேன். உள்ளே பதினாலு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வாய்க்கு வந்தபடி திட்டினேன். "மனுசத் தன்மை இருக்கா உங்களுக்கு?" என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டிருந்த ஓர் அம்மா மட்டும் பதில் சொன்னார். "வீட்ல உக்காந்து திங்க நேரமிருந்தா நாங்க ஏன்த்தா ஜீப்புல திங்கப் போறோம்?"

அதற்குப் பிறகு பை எதுவும் விழவில்லை. ஆனால் அந்த ஜீப் வரும் சத்தம் கேட்டாலே நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

இது நடந்து ஒரு மாதம்கூட இருக்காது. தழைக்கட்டோடு இறங்கும்போது பாசி பிடித்த கல்லில் கால் வழுக்கிவிட்டது. வலது கையை ஊன்றியபடி விழுந்தேன். மணிக்கட்டு எலும்பு முறிந்து, முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. குறைந்தது நாற்பது நாள் கையை அசைக்கக் கூடாது என்றார்கள்.

கணவர் ஓடி வந்தார். இரண்டு நாள் இருந்தார். ஏலக்காயைப் பக்குவமாக உலர்த்தத் தெரிந்த மனிதருக்கு ஆட்டின் காம்பைப் பிடிக்கத் தெரியவில்லை. பாத்திரம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கமாக ஆடுகள் உதைத்துத் தள்ளிவிட்டன. குட்டிகளாவது இருந்தால் ஊட்டவிட்டுச் சமாளித்திருக்கலாம். அவற்றை அப்போதுதான் விற்றிருந்தோம். இரண்டாம் நாள் சாயங்காலம் ஸ்டோரிலிருந்து போன்மேல் போன். "எல்லாத்தையும் வித்துருவோம்" என்று சொல்லிவிட்டு மனசில்லாமல் கிளம்பினார்.

மூன்றாம் நாள் விடியலில் ஆடுகள் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. பசிக்குக் கத்துவது வேறு, இது வேறு. இடது கையால் கறந்து பார்த்தேன். அரைமணி நேரத்தில் அரைச் சொம்புகூட வரவில்லை. கருப்பி என்று நான் கூப்பிடும் ஆட்டின் மடியைத் தொட்டேன். ஒரு பக்கம் கல்லாக இறுகி, கொதித்தது. மடிநோய். மாட்டு டாக்டருக்குப் போன் போட்டேன். "மதியம்தான் வர முடியும். அதுவரைக்கும் எப்படியாவது மடியைக் காலி பண்ணிக்கிட்டே இருங்கம்மா, இல்லேன்னா அந்தப் பக்கம் செத்துப்போகும்" என்றார்.

யாரையாவது கூப்பிடலாம் என்று ரோட்டுக்கு ஓடினேன். வந்தது அந்த ஜீப்.

கை காட்ட எனக்கு முகமில்லை. பழக்கம்போலத் திரும்பிக்கொண்டேன். ஜீப் என்னைத் தாண்டிப் போய், நின்று, பின்னாலேயே வந்தது. சட்டை போட்ட அம்மா தலையை நீட்டினார்.

"என்னத்தா, கையில கட்டு? ஆடு ஏன் இந்தக் கத்து கத்துது?"

"கறக்க முடியலக்கா, கருப்பிக்கு மடி கல்லாயிருச்சு" என்று அழுதேன். அவர் என் கட்டைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார். புரிந்துவிட்டது. "எறங்குங்கடி" என்றார்.

டிரைவர், "அக்கா, நேரத்துக்குப் போகலேன்னா அங்க சத்தம் போடுவாங்க" என்று முனகினார்.

"பத்து நிமிசம். நீ வேணும்னா ஹாரனை அடிச்சுக்கிட்டு இரு."

அந்த அம்மா நேராக, மடி இறுகிய கருப்பியிடம் போனார். அது காலை உதறி உதைத்தது. இரண்டாவது தடவையும் உதைத்தது. "நீ கட்டி அவுத்துப் போட்ட சேலை ஏதும் கெடந்தா வெரசா கொண்டா" என்றார். கொடியில் துவைக்காமல் கிடந்த பழைய சேலையைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதைத் தன்மேல் சுற்றிக்கொண்டு, குனிந்து, ஆட்டின் விலாவில் நெற்றியை வைத்து அப்படியே நின்றார். "உன் வாசம் பட்டா நிக்கும்" என்றார். கருப்பி திரும்பி அந்தச் சேலையை மோந்து பார்த்தது. பிறகு நான்கு காலையும் ஊன்றி நின்றது.

அவர் காம்பை இழுக்கவே இல்லை. மடியை மேலிருந்து கீழாக நீவி நீவி, விரல் நுனியால் எங்கே கட்டியிருக்கிறது என்று தேடித் தேடி இளக்கினார். முதலில் தயிர்க்கட்டி போல வந்தது. அதைத் தனியாகப் பீச்சி எடுத்துக் கொல்லையில் ஊற்றச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பால் கம்பியாக இறங்கியது.

"ஏலச்செடியில பழுத்ததை மட்டும் தொட்டுப் பாத்து எடுக்கணும், பக்கத்துப் பிஞ்சு ஆடக்கூடாது. அந்தக் கைதான்த்தா இது" என்றார், மடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நிமிர்ந்து பார்த்தேன். மற்ற நான்கு ஆடுகளுக்குப் பக்கத்திலும் ஒவ்வொரு பெண் குந்தியிருந்தாள். ஏலக்காய்க் கறை ஏறிய விரல்கள். ஒருத்தி புழுக்கையைக் கூட்டினாள். ஒருத்தி தழையை உதறிக் கட்டினாள். இன்னொருத்தி கேட்காமலேயே என் குடத்தை நிரப்பி வைத்தாள். பாத்திரத்தில் பால் விழும் சத்தம் ஐந்து பக்கமும் கேட்டது. ஆடுகளின் கத்தல் ஒவ்வொன்றாக அடங்கியது. நான் கட்டுப் போட்ட கையோடு பார்த்துக்கொண்டே நின்றேன். கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை. டிரைவர் ஹாரன் அடிக்கவே இல்லை. இறங்கி வந்து, கறந்த பாலைத் தூக்குவாளியில் ஊற்றி, "முந்தல் டீக்கடையில நான் குடுத்துர்றேன்" என்று வாங்கிக்கொண்டார்.

மதியம் வந்த டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "யாரு கறந்தது? மடியைக் காப்பாத்திட்டாங்க" என்றார்.

அன்றைக்கு ஒரு நாள் செய்ததே பெரிய உதவி என்று நினைத்திருந்தேன். சாயங்காலம் மலையிறங்கும்போது ஜீப் மறுபடி நின்றது. மறுநாள் காலையிலும் நின்றது, வழக்கத்தைவிடக் கால்மணி நேரம் முன்னதாக. மாவுக்கட்டு பிரிக்கும் வரைக்கும், தோட்டம் லீவு விட்ட நாட்கள் தவிர, அது நிற்காத நாளே இல்லை. லீவு நாட்களில் அந்த அம்மா மட்டும் தன் ஊரான சிலமலையிலிருந்து பஸ் ஏறி வந்தார். முறைபோட்டுக் கறந்தார்கள். நாலாம் நாளிலிருந்து என் சேலைகூடத் தேவைப்படவில்லை. என்னால் முடிந்தது, இடது கையாலேயே ஒரு கேனில் டீ போட்டுக் கொடுத்ததுதான். அதையும் "சீனி பத்தலையேத்தா" என்று கேலி செய்துகொண்டே குடிப்பார்கள்.

கட்டுப் பிரித்த அன்று, கருப்பியை நானே கறந்து காட்டினேன். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். ஜீப்பில் ஏறப்போன அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"அன்னைக்கு உங்கள அவ்வளவு பேசினேனே அக்கா. எப்படி வண்டிய நிறுத்த மனசு வந்துச்சு?"

"நீ திட்டுனது ஆட்டுக்காகத்தானே, உனக்கு எங்க மேல என்ன பகை? அது கத்துன கத்தலக் கேட்டுட்டு, அங்க போயி நாள் பூரா எப்படித்தா காய் எடுக்கிறது?" என்றார். ரொம்பச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, "தள்ளுங்கடி" என்று நெருக்கி உட்கார்ந்துகொண்டார்.

அவர்கள் காலை மூன்றரைக்கு எழுந்து, பொங்கி வைத்துவிட்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வருகிறவர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எனக்காக வண்டி முந்திக் கிளம்பிய ஒவ்வொரு நாளும், ஏற்கெனவே குறைவான அந்தத் தூக்கத்திலிருந்துதான் கால்மணி நேரம் போயிருக்கிறது. அதைப் பற்றி ஒருத்திகூட ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆடுகளை நாங்கள் விற்கவில்லை. கருப்பி அதற்குப் பிறகு இரண்டு ஈற்று ஈன்றுவிட்டது, மடியின் இரண்டு பக்கத்திலும் பால் இருக்கிறது. அந்தப் பதினாலு பேரில் பாதிப் பேரின் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் ஒரு வாயில்லா ஜீவன் கத்துவதைக் கேட்டால் தாண்டிப் போக முடியாத மனிதர்கள் இந்த மலையில் தினமும் ஏறி இறங்குகிறார்கள் என்று தெரிந்த பிறகு, இந்தச் சரிவில் தனியாக இருக்கிறோமே என்ற பயம் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை.