திரும்பிக் கிடந்த துண்டு

வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் என்பதால் தெருவே அவனைப் பட்டதாரி என்றுதான் கூப்பிடும். அப்பா சூளையில் கழுதைகள் வைத்துச் செங்கல் சுமப்பவர். மகனுக்கு ஆய்வுக்கூடத்தில் கழுதையின் மரபணு வரிசையை ஒட்டும் வேலை. இயந்திரம் அதைக் கோடிக்கணக்கான துணுக்குகளாகத்தான் படித்துத் தரும். கிழித்துப்போட்ட கடிதத்தைச் சேர்ப்பதுபோல் ஓரம் பார்த்து ஒட்ட வேண்டும். குதிரையின் வரிசையை முன்பே படித்துவிட்டதால், அதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள்.

"குதிரைக்கும் கழுதைக்கும் வித்தியாசம் பாக்க உனக்கு மெஷின் வேணுமாடா?" என்று அப்பா போனில் கேட்டார்.

"ரெண்டும் ஒரே வம்சம்ப்பா. நாப்பது லட்சம் வருஷம் முன்னாடி பிரிஞ்சிருக்கும்ங்கறாங்க."

"பங்காளிங்கன்னு சொல்லு. பாகம் எப்படிப் பிரிச்சாங்க?"

"குதிரைக்கு அறுபத்துநாலு குரோமோசோம், கழுதைக்கு அறுபத்திரண்டு."

"அங்கயும் நம்மாளுக்குத்தான் கம்மியா!"

ஒருநாள் ஒரு குரோமோசோமில் நீளமான துண்டொன்று, குதிரையில் இருப்பதற்குத் தலைகீழாக வந்து நின்றது. துறைத் தலைவி திரையைப் பார்த்ததுமே சிவப்புக் கோடு போட்டார்.

"தப்பா ஒட்டியிருக்கப்பா. குதிரையில இருக்கற மாதிரி திருப்பிப் போடு."

"மூணு கழுதையிலும் இப்படித்தான் மேடம் இருக்கு."

"மூணையும் ஒட்டினது நீதானே? ஒரே ஆள் மூணு தடவை தப்பு பண்ண முடியாதா?"

"குதிரை மாதிரியே வேணும்னா கழுதையை எதுக்கு மேடம் படிக்கணும்?"

அவர் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள நிரூபி. இல்லேன்னா வேலையை வெளியே குடுத்துடுவேன். நீ பழையபடி குழாய் கழுவு."

இரண்டு வருடம் சோதனைக்குழாய் கழுவிக்கொண்டே, அடுத்தவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்துப் பிடித்த நாற்காலி அது. விடுவானா?

கணினியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை என்று ரத்த மாதிரிகளுக்கே திரும்பிப் போனான். ஒட்டிய இடத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும்படி ஒரு ஜோடிச் சிறு டிஎன்ஏ இழைகளை வரவழைத்தான். ஒட்டு உண்மையென்றால் நடுப்பகுதி பெருகி, ஜெல் என்னும் கூழ்த்தகட்டில் பட்டையாக ஒளிரும். பொய்யென்றால் வெறும் இருட்டு. மூன்று கழுதை, மூன்று குதிரை, ஆறையும் பக்கம் பக்கமாக ஓட்டினான்.

வெள்ளி காலை ஜெல்லின் படத்தைத் தலைவியின் மேசைமேல் வைத்தான். கழுதைகள் மூன்றும் பளிச்சென்று பட்டை காட்டின. குதிரைகளின் பக்கம் துடைத்துவிட்டதுபோல் காலி.

தலைவி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "குதிரை ரத்தம் கெட்டுப்போயிருந்தாலும் காலியாத்தானே வரும்?"

"அதான் குதிரை வரிசைக்கும் தனியா ஒரு ஜோடி போட்டேன் மேடம்."

இன்னொரு படத்தை நீட்டினான். அதில் குதிரைகள் ஒளிர்ந்தன, கழுதைகள் காலி.

அவர் திரையைத் திறந்து, தாம் போட்ட சிவப்புக் கோட்டைத் தாமே அழித்தார். உடனே அடுத்த கேள்வி வந்தது.

"திரும்பின துண்டுக்கு ரெண்டு முனை உண்டேப்பா. இன்னொண்ணு?"

"ஓடிட்டிருக்கு. பதினோரு மணிக்கு வந்தீங்கன்னா நீங்களே பாக்கலாம்."

பத்தே முக்காலுக்கெல்லாம் வந்து அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.