ஒரே பேருந்தில் உட்கார்ந்தவர்கள்

1986-ஆம் ஆண்டு ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. திண்டிவனத்தில் காலை ஏழு இருபதுக்கு விழுப்புரம் பேருந்தில் ஏறினேன். நான் இயற்பியல் ஆசிரியன். நாற்பது வயதுக்கு மேல் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். விழுப்புரத்தில் இருந்த என் பேராசிரியரிடம் அன்று ஆய்வேட்டைக் கொடுத்தால், மறுநாளே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிடுவார்.

ஆய்வு, ஒரு விண்மீன் மண்டலக் கூட்டத்தின் எடையைப் பற்றியது. அதை இரண்டு வழிகளில் கணக்கிட்டிருந்தேன். ஒன்று, அதிலுள்ள மண்டலங்கள் ஓடும் வேகத்தை வைத்து; வேகங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றனவோ, எடையும் அவ்வளவு கூடும். மற்றொன்று, அவற்றுக்கிடையே உள்ள கொதிக்கும் வாயு வெளியிடும் எக்ஸ் கதிரை வைத்து. முதல் விடை இரண்டாவதைப் போல இரு மடங்கு வந்தது. வேகக் கணக்கு நானே மாதக்கணக்கில் போட்டது. அதில் தவறு இருக்காது. ஆகவே, செயற்கைக்கோளின் எக்ஸ் கதிர்ப் பதிவுதான் பிழை என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன்.

வேன் பழுதாகி, ஒரு கல்யாணக் கூட்டம் முழுவதும் அதே பேருந்தில் ஏறியிருந்தது. பெண்ணின் தாய்மாமன் தலைகளை எண்ணிவிட்டு, முன்னாலிருந்து இட்லிப் பொட்டலங்களைக் கொடுத்துக்கொண்டு வந்தார். என் கையிலும் ஒன்றைத் திணித்தார். பசி, பிரித்துவிட்டேன். கடைசி வரிசையில் நான்கு பேருக்கு இல்லாமல் போயிற்று.

"இன்னாடி, முப்பத்தாறு தலைக்கு முப்பத்திரண்டு பொட்டலம்? தூங்கிக்கினே கட்டினியா?" என்று மனைவியிடம் பாய்ந்தார்.

"நான் எண்ணிக்கினுதான் கட்டினேன். உங்க தலைக்கணக்க மொதல்ல பாருங்க. வெள்ளை வேட்டி கட்னவங்க எல்லாம் உங்களுக்குச் சம்பந்தியா?"

அந்த அம்மாள் எழுந்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"அண்ணே, பொண்ணுக்கு நீங்க என்ன முறை வேணும்?"

வாயில் இட்லி. விழுங்கிவிட்டு, "நான் வேற வேலையாப் போறேம்மா" என்றேன். பேருந்தே சிரித்தது. என்னைப் போல இன்னும் மூவர் அகப்பட்டார்கள்.

"நீங்க சாப்புடுங்கண்ணே. ஒரே பஸ்ல குந்திட்டா ஒறவாயிடுவாங்களா? இந்த மனுசனுக்குத்தான் அது தெரியல!"

மென்றுகொண்டிருந்தவன் நிறுத்தினேன். கையைத் துடைத்துக்கொண்டு வேகப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஐந்து மண்டலங்களின் வேகம் மற்றவற்றோடு ஒட்டவே இல்லை. வானத்தில் பக்கத்தில் தெரிகின்றன என்பதற்காக அவற்றையும் கூட்டத்தில் சேர்த்திருந்தேன். உண்மையில் அவை வேறு தொலைவில், தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பவை. விழுப்புரம் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து, அந்த ஐந்தையும் நீக்கிவிட்டு, மடக்கை அட்டவணையோடு மீண்டும் கணக்கிட்டேன். இரண்டு விடைகளும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன.

பேராசிரியரிடம் ஆய்வேட்டைக் கொடுக்கவில்லை. ஒரு மாத அவகாசம் கேட்டேன். "இவ்வளவு நாள் கழித்து எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்றார். இட்லி சாப்பிடும்போது என்றேன். நம்பவில்லை.

இன்றும் இரண்டு கணக்குகள் ஒத்துப்போகாதபோது, அவற்றில் நான் போட்டது எதுவோ அதைத்தான் முதலில் சந்தேகிக்கிறேன்.