அரிசி மேலே, சாமி கீழே

கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்த பிறகும் வேலாயுதத்துக்கு வேலை முடிவதில்லை. கோழி குறுக்கே ஓடினால் கையை உயர்த்தி "நில்லு!" என்பார். ஈரத் தரையில் யாராவது கால் வைக்கப் போனால் "நில்லு!" மீன் குழம்பில் முள் இருந்தால் எதிரே சாப்பிடுகிறவனுக்கும் சேர்த்து "நில்லு!" கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில் கேட்டில் மாட்டு வண்டியையும் ரிக்‌ஷாவையும் துரைமார் மோட்டாரையும் நிறுத்தி நிறுத்திப் பழகிய கை அது. தானாகவே எழும்பும், உள்ளங்கை விரியும். கோயிலில் மணி அடித்துக்கொண்டிருந்த குருக்களையே ஒரு தரம் நிறுத்திவிட்டார். வேட்டி நுனி விளக்குப் பக்கம் போயிருந்ததாம். குருக்கள் இன்றுவரை அவருக்கு விபூதியைக் கொஞ்சம் குறைத்துத்தான் கொடுக்கிறார்.

இப்படி எச்சரிப்பதையே பிழைப்பாகக் கொண்ட மனுஷர், ஒருவரையும் எச்சரிக்காமல் ஒரு வீட்டை விற்கக் கிளம்பினார். அந்தக் கூத்தைப் பக்கத்து வீட்டுக்காரனான நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

வீடு நல்ல வீடுதான். செங்கல் சுவர், ஜிங்க் தகரக் கூரை, பின்னால் கிணறு, கிணற்றடியில் ஒரு முருங்கை. கிராண்டுப் பத்திரம் அவர் பேரிலேயே இருந்தது. ஆறு பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான் குறை. இருபத்தாறாம் வருஷத்துப் பெருவெள்ளத்தில் ஆறு வீட்டுக்குள் வந்து தங்கிவிட்டு, போகும்போது நாலு சுவரிலும் இடுப்பு உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு இழுத்துவிட்டுப் போயிருந்தது. வேலாயுதம் சுண்ணாம்பு அடித்தார். ஒரு மழை பெய்ததும் கோடு எட்டிப் பார்த்தது. மறுபடி அடித்தார், மறுபடி எட்டிப் பார்த்தது.

அந்த வெள்ளத்தில் அரிசித் தகரம் மிதந்துகொண்டே வாசல் வழியாகத் தெருவுக்குப் போனதை அவர் மனைவி நல்லம்மாள் மேசை மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வடியும்வரை பட்டினி. அதன் பிறகு அவள் வாங்கிய புதுத் தகரம் தரையைத் தொட்டதே இல்லை. உத்தரத்தில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டாள். கூரையில் நாலு துளி விழுந்தால் போதும், பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிடுவாள். முகம் வாடிப் பாதியாகிப் போயிற்று, பாவம். "எனக்கு நகை வேணாம், சேல வேணாம். மேட்டுல ஒரு குடிசை போட்டுக் குடுங்க, நிம்மதியாப் படுத்துத் தூங்குறேன்" என்று அவள் வேலாயுதத்திடம் கேட்டாள்.

பங்சார் ரோட்டில் ஒரு மேட்டு மனையை வேலாயுதம் பார்த்து வைத்தார். தீபாவளிக்குள் பணம் வராவிட்டால் மனை வேறு ஆளுக்கு என்று மனைக்காரர் சொல்லிவிட்டார். தீபாவளி கழிந்தால் மழையும் பிடித்துக்கொள்ளும். ஆகவே வீட்டை விற்றே ஆக வேண்டும். இதில் சங்கடம் என்னவென்றால், மனுஷர் அதற்கு முன் விற்றதெல்லாம் ஒரே ஒரு சேவல். அதையும் "நடு ராத்திரியிலயும் கூவும்ணே, யோசிச்சு வாங்குங்க" என்று சொல்லி விற்றவர்.

வீடு பார்க்க வந்த முதல் ஆளிடம் வாயைத் திறந்ததுமே "தண்ணி இந்த மட்டும் வந்துச்சுண்ணே" என்று தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். அந்த ஆள் கிணற்றைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. அன்றைக்கு நல்லம்மாள் கஞ்சிக் கிண்ணத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

மறுநாள் சுத்தியல் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். தலைக்கு மேலே மாட்டியிருந்த முருகன் இடுப்பு உயரத்துக்கு இறங்கியிருந்தார். பக்கத்தில் பிள்ளையார், அடுத்து லெட்சுமி. மூன்று பேரும் கோட்டை மறைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஆனால் கோடு நாலு சுவருக்கும் ஓடுகிறதே! இரண்டாவது சுவரிலேயே சாமிகள் தீர்ந்து போனார்கள். என் வீட்டுச் சரஸ்வதியை இரவல் வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவருடைய அப்பா போட்டோ, போன வருஷத்துக் காலண்டர், கடைசியில் பிஸ்கட் டின் மூடியில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி. இடைவெளியெல்லாம் கலர்க் காகிதத் தோரணம். அவ்வளவு பேருக்கும் தினம் சூடம் காட்டினார், சீமாட்டிக்கும்தான். இடுப்பு உயரத்தில் இருக்கிற சாமியை நிமிர்ந்து நின்று எப்படிக் கும்பிடுவது? குனிந்து குனிந்து கும்பிட்டதில் மனுஷருக்கு முதுகுப் பிடிப்பே வந்துவிட்டது.

"ஏண்ணே இவ்வளவு கீழே?" என்று கேட்டவர்களுக்கு, "சாமி முன்னால மனுஷன் குனியணுமா இல்லியா?" என்று பதில் வைத்திருந்தார். நல்ல பதில்தான். கேட்டவர்கள் வெட்கப்பட்டுக் குனிந்து கும்பிட்டார்கள்.

ரயில்வே ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி கொர்னேலியஸ் வந்த அன்றைக்குத்தான் ஆபத்து. அவருக்கு வீடு பிடித்துவிட்டது. மாதா கோயிலும் கிட்டத்தில் இருக்கிறது. "இந்தப் படங்கள எடுத்துட்டா செவரு எப்படி இருக்கும்னு பாக்கலாமாண்ணே? எங்க மாதா படம் கொஞ்சம் பெருசு" என்று முருகன் மேல் கையை வைத்தார்.

"நில்லுங்க!" வேலாயுதத்தின் கை எழும்பிவிட்டது. "விரதம். ஒரு மண்டலம் முடியாம படத்த அசைக்கக் கூடாது."

"அப்படியா? எப்ப முடியுது?"

"நேத்துதான் ஆரம்பிச்சிருக்கு."

கொர்னேலியஸ் நல்ல மனுஷர். மற்றவர் விரதத்துக்கு மரியாதை கொடுத்துக் கையை எடுத்துக்கொண்டார். போகும்போது சீமாட்டி முன்னால் நின்று, "இவங்க யாருண்ணே?" என்று கேட்டார்.

"எங்க குடும்பத்துக்கு வேண்டியவங்க" என்றார் வேலாயுதம்.

கொர்னேலியஸ் மறுபடி வரவில்லை. வேறு சிலர் வந்தார்கள், பார்த்தார்கள், குனிந்து கும்பிட்டார்கள், போனார்கள். கடைகளில் தீபாவளித் துணி தொங்கத் தொடங்கிவிட்டது. வேலாயுதம் கேட்டில் நின்றபடியே வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட ஆரம்பித்தார்.

அப்போதுதான் கிள்ளானிலிருந்து ரெங்கசாமியும் அவர் மனைவி புஷ்பவல்லியும் கைக்குழந்தையோடு வந்தார்கள். ரெங்கசாமி லோரி ஓட்டுகிறவர். வேலை கோலாலம்பூருக்கு மாறியிருந்தது. கூரையைத் தட்டினார், கிணற்றில் கல்லைப் போட்டுப் பார்த்தார், "சரிலா, நல்ல வீடுலா" என்றார். புஷ்பவல்லி எதையும் தட்டவில்லை. நேரே அடுப்படிக்குப் போனாள். உத்தரத்தை அண்ணாந்து பார்த்தாள். திரும்பி வந்து முருகனைக் குனிந்து பார்த்தாள்.

"அண்ணே, அரிசி ஏன் அவ்வளவு மேல தொங்குது?"

"எலி" என்றார் வேலாயுதம். நல்லம்மாள் சட்டென்று முருங்கை மரத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

விலை படிந்தது. வேலாயுதம் கேட்டதே நானூறு வெள்ளி. ரெங்கசாமி பேரம்கூடப் பேசவில்லை. வெற்றிலைத் தட்டில் அச்சாரத்தை வைத்து நீட்டினார். சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். தட்டு பாதி தூரம் வந்துவிட்டது. வேலாயுதத்தின் கையும் பாதி தூரம் போய்விட்டது. அந்த நேரம் பார்த்துப் புஷ்பவல்லி, தோளில் தூங்கிப்போன குழந்தையை, துண்டை விரித்துச் சுவரோரமாக, முருகனுக்கு நேர் கீழே, தரையில் கிடத்தினாள்.

தட்டை வாங்கப் போன கை அப்படியே திரும்பியது. மேலே எழும்பியது. உள்ளங்கை விரிந்தது.

"நில்லுங்க!"

ரெங்கசாமி தட்டோடு உறைந்து போனார். தெருவில் போன தயிர்க்காரி நின்றுவிட்டாள். வேலாயுதம் எழுந்து போய் முருகனைக் கழற்றினார், பிள்ளையாரைக் கழற்றினார், தோரணத்தை இழுத்துப் போட்டார். பழுப்புக் கோடு பளிச்சென்று தெரிந்தது. "ஆத்துத் தண்ணிம்மா. இந்த மட்டும் வந்துச்சு. அங்க புள்ளையப் போடாத, தாயே. எடுத்துக்க." அன்றைக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது என்பதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

நல்லம்மாளைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. மேட்டு மனை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

புஷ்பவல்லி குழந்தையை எடுக்கவில்லை. "தெரியும்ணே" என்றாள். "அரிசி மேல இருக்கு, சாமி கீழ இருக்கு. உள்ள வந்தவுடனே தெரிஞ்சு போச்சு. எங்க கிள்ளான் வீட்டுல வருஷா வருஷம் தண்ணி ஏறுது. அரிசியத் தொங்க விடுறது எனக்குத் தெரியாதா?"

"அடிப்பாவி, எங்கிட்ட சொல்லலியே!" என்றார் ரெங்கசாமி.

"சொன்னா நீங்க மூஞ்சியிலயே காட்டிருவீங்க. அண்ணன் தானா சொல்றாரான்னு பாத்தேன். பக்கத்துல யாரு நல்லவங்க, யாரு கெட்டவங்கன்னு இவருகிட்டதானே கேக்கணும்? பொய் சொல்ற ஆளுன்னா அத எப்படி நம்புறது? அம்பது வெள்ளி குறைச்சுக்குங்க. கோடு ஒண்ணுதானே இருக்கு, ஒரு தடவ வந்த தண்ணிதானே, நாங்க பாத்துக்குவோம்லா." கொஞ்சம் யோசித்து, "அப்புறம் அந்தக் கொக்கி. அதக் கழட்டிக்கிட்டுப் போயிராதீங்க. அது விலையில சேத்தி" என்றாள்.

ஐம்பது வெள்ளி குறைந்ததில் மேட்டு வீட்டுக்கு ஜிங்க் வாங்கப் பணம் போதவில்லை. அத்தாப்பு ஓலைக் கூரைதான் போட முடிந்தது. கேட்டில் நிற்கிறவர்களிடம் எல்லாம் "அத்தாப்புதான் குளிர்ச்சி, ஜிங்க் சுத்த மோசம்" என்று வேலாயுதம் இப்போது பிரசங்கம் செய்கிறார். உடனே, "ஆனா மூணு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும், யோசிச்சுப் போடுங்க" என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

போன வாரம் சரஸ்வதியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வரலாம் என்று மேட்டு வீட்டுக்குப் போனேன். நல்ல மழை. அரிசித் தகரம் அடுப்பங்கரைத் தரையில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. அதன் மேல் பூனை ஒன்று படுத்திருந்தது. நல்லம்மாள் நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு காப்பி கொடுத்தாள். சாமிகள் பழையபடி தலைக்கு மேலே ஏறியிருந்தார்கள். சீமாட்டியை மட்டும் காணோம். விளக்கு வைக்கிற நேரம் ஆகவே வேலாயுதம் சூடம் ஏற்றினார். கண்ணை மூடிக் கைகுவித்தார். பிறகு பழக்கதோஷத்தில், இடுப்பு ஒடியக் குனிந்து, வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பயபக்தியோடு கும்பிட ஆரம்பித்தார்.

நல்லம்மாள் என்னைப் பார்த்தாள். சிரிப்பை முந்தானையால் அடக்கிக்கொண்டு கிட்டே போய், அவர் மோவாய்க்குக் கீழே ஒரு விரலைக் கொடுத்து, மெல்ல மேலே தூக்கிவிட்டாள்.