நீல டிரம்மும் முப்பத்தொரு முடிச்சுப் பைகளும்

போன ஐப்பசியில், திண்டுக்கல்லில் எங்கள் தெருமுனையில் நடந்தது இது. அங்கே பால் பூத்தை ஒட்டி ஒரு நீல டிரம் இருக்கிறது. பழைய இரும்புக்காரர் வாங்காத, குப்பை வண்டியிலும் போடக் கூடாத சாமான்களுக்காக ஒரு மகளிர் குழு வைத்தது. காலி மாத்திரை அட்டை, தீர்ந்த பேட்டரி, பற்பசை டியூப், சிப்ஸ் பாக்கெட் எல்லாம் அதில் போடலாம். சனிக்கிழமைதோறும் குழுவிலிருந்து ஓர் அம்மா வந்து அள்ளிப்போய், தரம் பிரித்து ஆலைகளுக்கு அனுப்புவார்.

எதையும் எண்ணாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ரயில்வே பார்சல் ஆபீஸில் முப்பத்து நான்கு வருடம் மூட்டை எண்ணிய பழக்கம். டிரம்முக்கென்று வாரம் ஒரு கண்ணாடி பிளாஸ்டிக் பை. உள்ளே என்ன எத்தனை என்று ஒரு சீட்டு. சிந்திவிடுமோ என்ற கவலையில் வாயை இறுக்கி மூன்று முடிச்சு. வெள்ளிக்கிழமை மாலை போட்டுவிட்டு வருவேன். ஐப்பசிக்குள் முப்பத்தொரு பை ஆகியிருந்தது.

ஆனால் ஞாயிறு காலையில் டிரம்முக்கு வெளியே ஒரு பையை நாய்கள் கிழித்து இறைத்திருக்கும். மழையில் அதெல்லாம் போய்ச் சாக்கடையை அடைத்து, தெருவில் தண்ணீர் நின்றது. டிரம்மையே எடுத்துவிடலாம் என்றார் தெருச் சங்கத் தலைவர், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில். நான் எழுந்தேன்.

"டிரம் என்ன தப்பு செஞ்சுச்சு? எவனோ ஒருத்தன் ஒழுங்கில்லாமப் போடுறான். ஒரு வாரம் குடுங்க, ஆளப் பிடிச்சுக் காட்டுறேன்."

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே நாற்காலியோடு போய் உட்கார்ந்தேன். பதினேழு பேர் வந்து போட்டார்கள். ஒருவர் மீதும் குற்றம் சொல்ல முடியவில்லை. பதினொரு மணிக்கு அந்த அம்மா வந்தார். அன்றுதான் அவரை நேரில் பார்க்கிறேன். டிரம்மைக் கவிழ்த்துச் சாக்கில் அள்ளியவர், ஒரே ஒரு பையை மட்டும் ஓரமாக வைத்தார்.

"இத ஏம்மா விட்டுட்டீங்க?"

"வாராவாரம் வருது சார். எந்த மாப்பிள்ளையோ, தாலி கட்டுற மாதிரி மூணு முடிச்சுப் போட்டு அனுப்புறாரு" என்று சிரித்தார். பிறகு ஆள்காட்டி விரலை நீட்டினார். "ரெண்டு வருசம் முந்தி, இப்படி ஒரு முடிச்ச அவுக்கையில ஊசி ஏறிருச்சு. யாருக்குப் போட்ட ஊசியோ. ஆறு மாசம் டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்துக் குடுத்து, அம்புட்டுப் பயந்தேன். அதுலருந்து முடிச்சுப் போட்ட பையத் தொடுறதில்ல. கலெக்டரே வந்து சொன்னாலும் தொட மாட்டேன்."

பைக்குள்ளிருந்து என் கையெழுத்து என்னைப் பார்த்தது: மாத்திரை அட்டை 19, பேட்டரி 4.

இதற்கு முன் போட்ட முப்பத்தொரு பையும் நாய்க்கும் சாக்கடைக்கும்தான் போயிருக்கிறது.

"அந்த மாப்பிள்ளை நாந்தாம்மா" என்றேன்.

என் நரைத்த தலையைப் பார்த்தார். "சரி, இனிமே தெறந்தே போடுங்க சார். முடிச்சு இல்லேன்னா கொட்டிப் பாத்து எடுத்துக்கிறேன்."

முடிச்சுகளை நானே அவிழ்த்தேன். நான்கு நிமிடம் ஆனது. நகம் ஒன்று பிய்ந்தது.

மறுநாள் கூட்டத்தில் தலைவர் கேட்டார்: "ஆளு சிக்குனானாண்ணே?"

"சிக்கிட்டான். நாந்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். "அப்பறம் என்ன, உங்களுக்கே ஒழுங்காப் போடத் தெரியலன்னா வேற யாருக்குத் தெரியும்? நாளைக்கே டிரம்மத் தூக்கிரலாம்" என்றார் தலைவர்.

"திருடன் ஆப்ட்டா திருடனத் திருத்துங்க. வீட்ட ஏன் இடிக்கிறீங்க? தூக்கித்தான் பாருங்களேன்" என்றேன்.

திங்கட்கிழமை லோடு ஆட்டோ வந்தது. நான் அதற்கு முன்பே நாற்காலியை டிரம்முக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இரண்டரை மணி நேரம். வீட்டுக்காரி திட்டிக்கொண்டே இட்லியும் பிரஷர் மாத்திரையும் கொண்டுவந்தாள். அட்டையில் கடைசி மாத்திரை. விழுங்கிவிட்டு, தலைவர் கண்ணெதிரிலேயே காலி அட்டையை டிரம்முக்குள் போட்டேன். ஆட்டோ வெறுமனே திரும்பிப் போனது.

டிரம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. பை நிறைந்ததும் என் கை தானாக முடிச்சுக்குப் போகிறது. அந்த அம்மாவின் விரல் ஞாபகம் வந்து நிறுத்திக்கொள்கிறேன். பைக்குள் இருந்ததையெல்லாம் எண்ணிய நான், அதை அவிழ்க்க ஒரு கை இருக்கிறது என்பதை மட்டும் எண்ணாமல் விட்டிருந்தேன். இப்போது அதையும் சேர்த்து எண்ணுகிறேன். அந்த டிரம்மை அசைக்க யார் வந்தாலும் முதலில் என் நாற்காலியை அசைக்க வேண்டியிருக்கும்.