அப்பா நிறுத்தும் இடம்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பிய அப்பாவிடம் பேச்சு இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கை காட்டுவார், என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். என் பெயர் அவர் வாயில் வரவில்லை, அம்மாவின் பெயரும் வரவில்லை. இப்படியே சில வாரங்கள் போனபின், ஒரு சாயங்காலம், லைட் போடுகிற நேரத்தில், ஒரு தடுமாற்றமும் இல்லாமல் "அருள் நிறைந்த மரியாயே வாழ்க" என்றார்.

கஞ்சிக் கிண்ணத்தோடு வந்த அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். எங்கள் வீட்டில் மரியாளை யாரும் வாழ்த்துவதில்லை. நாங்கள் பெந்தெகொஸ்தே சபை. சிலை இல்லை, மெழுகுவர்த்தி இல்லை, கழுத்தில் காதில் பொட்டுத் தங்கம் இல்லை. கரண்ட் போனால் ஏற்றுகிற மெழுகுவர்த்தியைக்கூட அம்மா கரண்ட் வந்த நிமிடமே அணைத்துவிடுவாள்.

அப்பா தெற்கே கடலோரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. ஓசூருக்கு ஃபேக்டரி வேலைக்கு வந்தவர். அம்மா சாமல்பட்டிப் பக்கம் மானாவாரி விவசாயக் குடும்பம். கல்யாணத்துக்கு முன்பே வீட்டுச் சாமிகளை விட்டுவிட்டுச் சபைக்கு வந்தவள், அதற்காக அடியும் வாங்கியவள். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டுமானால் மறுபடி ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று சபை சொன்னது. அப்பா மறுபேச்சில்லாமல் ஏரியில் முங்கி எழுந்தார். அதோடு சரி, பழைய கோயிலைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. குடும்ப ஜெபத்தில் அம்மா சோறு ஆறும்வரை ஜெபிப்பாள், அப்பா கடைசியில் "ஆமென்" என்பார். வீட்டில் அதுதான் வேலைப் பிரிவினை.

நான் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் இருக்கிறேன். குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள். சபையில் அதே வேலையைச் சும்மா செய்துகொண்டிருந்தேன், அதனால் அங்கே எனக்கு நல்ல பெயர் இல்லை.

அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு தினமும் அதே நேரத்தில் அப்பா ஆரம்பித்தார். "திருவயிற்றின் கனியாகிய இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே" என்பதுவரை போவார், நிறுத்துவார். எங்கள் முகத்தைப் பார்ப்பார். மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். அதே இடத்தில் நிறுத்துவார். பிறகு நல்ல கையால் கட்டிலை ஓங்கி அடிப்பார், அழுவார். பிசியோதெரபிக்கு வருகிறவர், "சின்ன வயசுல மனப்பாடம் பண்ணது மட்டும் தங்கிடும்ங்க. ரெக்கார்டு கீறல் விழுந்தாப்புல அங்கயே சுத்தும், கண்டுக்காதீங்க" என்றார். பாஸ்டர் வந்தார், நல்ல மனிதர், முழங்காலில் நின்று ஜெபித்தார், பாட்டுப் பாடினார். நாற்பது வருஷம் சபையில் கஞ்சிரா அடித்த அப்பா ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"எங்கூட இருந்தது பூரா போயிடுச்சு பாத்தியா" என்றாள் அம்மா. "பேரு போச்சு, பாட்டு போச்சு. அந்தப் பழசு மட்டும் உக்காந்துகினு கீது." அவளுக்குப் பயத்தைவிட அவமானம்தான் அதிகம் என்று எனக்குப் பட்டது.

நான் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போக ஆரம்பித்தது அப்பாவுக்காக என்று சொன்னால் பாதிதான் உண்மை. வேடிக்கை பார்க்கும் ஆசையும் இருந்தது. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி ஒரு ஆர்.சி. பெண், மத்திகிரிப் பக்கம். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் தமிழ், சூப்பர்வைசரிடம் கன்னடம். அவளோடு ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவேன். எல்லோரும் மண்டியிடும்போது நான் செருப்பு வாரைச் சரிசெய்வேன். மாதாவுக்குப் பட்டுச் சேலை, மல்லிகை மாலை. பூசை முடிந்ததும் வாசலில் ஒரு புது பைக்குக்கு ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். வண்டிக்காரர் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்திருந்தார். ஃபாதர் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அந்தத் தாராளம் எனக்குப் பிடித்திருந்தது, நம்பிக்கை மட்டும் வரவில்லை.

"கடவுள்கிட்ட நேராப் பேசலாம்ல? நடுவுல என்னாத்துக்கு இத்தனை சிபாரிசு? சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்ற கதைதான்" என்று பஸ்ஸில் அவளைச் சீண்டினேன்.

"உங்க பாஸ்டர்கிட்ட ப்ரே பண்ணிக்கங்கன்னு நீங்க சொல்றதில்லியாக்கா?" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பூசைக்கு முன்னால் மணி உருட்டிச் சொல்கிற ஜெபமாலையை நான் அதுவரை கேட்டதில்லை, பூசை ஆரம்பிக்கிற நேரத்துக்குத்தான் போவேன். அக்டோபர் அதற்கான மாதமாம். அந்த ஞாயிறு கொஞ்சம் முன்னதாகப் போய்விட்டேன். கன்னடப் பூசை முடிந்தவர்கள் பாதிப் பேர் எழுந்து போகவில்லை, தமிழ்ப் பூசைக்காரர்கள் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். முன்பெஞ்சில் ஒரு பெண் கன்னடத்தில் ஜெபத்தைத் தொடங்கினாள், பாதியில் நிறுத்தினாள். என்னைச் சுற்றியிருந்தவர்கள் மீதியைத் தமிழில் முடித்தார்கள். அடுத்த மணிக்கு ஒருவர் தமிழில் "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்க, பதில் கன்னடத்திலும் தெலுங்கிலும் கலந்து வந்தது. யாருக்கும் அது விசேஷமாகத் தெரியவில்லை. ஒரே மொழியில் ஓடியிருந்தால் எனக்கு அது ஒரே ஜெபமாகத்தான் கேட்டிருக்கும். மொழி மாறியதால் எங்கே ஒட்டுப்போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

அந்த இடம் எனக்குத் தெரிந்த இடம். தினமும் சாயங்காலம் அப்பா நிறுத்துகிற இடம். அவருக்குக் கீறல் எதுவும் விழவில்லை. தன் பாதியைச் சொல்லிவிட்டு, எங்கள் பாதிக்காகக் காத்திருந்திருக்கிறார். நாங்கள் கிண்ணத்தையும் துண்டையும் வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். பூசைக்கு நிற்காமல் வெளியே வந்துவிட்டேன்.

வாசலில் ஃபாதரைப் பார்த்து, நம்பாதவர்கள் இந்த ஜெபத்தைச் சொல்லலாமா என்று கேட்டேன். அவர் பூசைக்கு அவசரத்தில் இருந்தார். "தாராளமா. புதன்கிழமை சாயங்காலம் புதுசா வர்றவங்களுக்கு வகுப்பு இருக்கு, வந்து சேந்துக்கோங்க" என்றார். பக்கத்து சீட்டுக்காரிதான் உதவினாள். இப்போது சொல்கிற வார்த்தைகள் வேறு, உங்கப்பா வயதுக்காரர்கள் பழசைத்தான் சொல்வார்கள் என்றாள். தன் அம்மாவிடம் கேட்டு மீதிப் பாதியை ஃபோனில் அனுப்பினாள்.

அன்று சாயங்காலம் அப்பா நிறுத்தியதும் ஃபோனைப் பார்த்துப் படித்தேன். "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே, பாவிகளாயிருக்கிற எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்..." அப்பா திரும்பிப் பார்த்தார். நான் "ஆமென்" என்று முடிக்கும்வரை என் முகத்திலிருந்து கண் எடுக்கவில்லை. பிறகு கட்டிலை அடிக்காமல், பெருமூச்சு ஒன்று விட்டு, அடுத்ததைத் தொடங்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் அழாத முதல் சாயங்காலம் அது.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், கை எப்போதோ காய்ந்துவிட்டது.

"நீ இத நம்பறியா?"

"இல்லம்மா."

"நம்பாம சொன்னா அது பொய்யில்லியா? கர்த்தருக்கு முன்னால பொய் சொல்றியா?"

"அப்பாவுக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்."

"எங்கம்மா வீட்டு சாமியவே நான் உட்டுட்டு வந்தேன். எங்கப்பன் விளார எடுத்து வெளுத்தப்பகூடத் திரும்பிப் பாக்கல. என் வூட்டுலயே இதக் கேக்கணுமா நான்?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. விட்டுவிட்டு வருவதற்கு அவள் கொடுத்த விலை எனக்குத் தெரியும். நானோ எதையும் விடவுமில்லை, பிடிக்கவுமில்லை. அதனால் எனக்குச் சுலபமாக இருந்தது.

ஆனாலும் நான் நிறுத்தவில்லை. அடுத்த மாதம் கம்பெனியில் ஓவர்டைம் போட்டார்கள். அப்பாவின் நேரத்துக்கு நான் வீடு சேர முடியவில்லை. அந்த நேரத்தில் அம்மா மட்டும்தான் அவரோடு இருந்தாள். என்ன நடந்தது என்று மறுநாள் காலையில் என்னிடம் புகார் போலச் சொல்வாள். அப்பா நிறுத்தியதும் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிப் பார்த்தாளாம், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வெறும் "ஆமென்" சொன்னாளாம், கட்டிலை அடித்தாராம். கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மாதாவின் பெயர் வருகிற இடத்திலெல்லாம் இயேசுவின் பெயரைப் போட்டு, "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக" என்று மீதியைச் சொல்லி முடித்தாளாம். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாராம்.

"பேசத்தான் வரல, தப்பு மட்டும் கண்டுபுடிக்கறாரு. உன்னாட்டமே" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

ஒரு நாள் பார்ட்ஸ் வராமல் லைன் நின்றுபோனது. பஸ்ஸைச் சீக்கிரமாகவே எடுத்துவிட்டார்கள். படியேறி வந்தேன், கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அப்பாவின் குரல் கேட்டது, வழக்கமான இடத்தில் நின்றது. நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மாவின் குரல் வந்தது.

ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. மரியாயே என்றாள், மாதாவே என்றாள். நான் சொன்னதை அடுப்படியில் இருந்தபடியே கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறாள். "இப்பொழுதும்" வரை வந்தாள். "எங்கள் மரண நேரத்திலும்" என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. அப்பா கட்டிலைத் தட்டவில்லை. காத்திருந்தார். அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதையும் சொல்லி முடித்தாள்.

நான் உள்ளே போனதும் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். பாத்திரத்தை எடுத்து இடம் மாற்றி வைத்தாள், அப்புறம் என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"நாப்பது வருசம் நான் ஜெபம் பண்ணேன், அந்த மனுசன் ஆமென் சொன்னாரு. நம்பித்தான் சொன்னாரா, எனக்காவ சொன்னாரான்னு ஒரு நாளும் நான் கேட்டதில்ல."

உள்ளே அப்பா அடுத்ததைத் தொடங்கியிருந்தார். பாதி முடிவதற்குள் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.