லெட்டுக்கு எத்தனை அப்பன்?

பல ஆண்டுகளாக ஒற்றை ஆளாகச் சொல்லிவந்த ஒன்றை ஒருநாள் எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டால், சொன்னவர் ஜெயித்தவராகிவிடுவாரா? ஆங்கிலம்-தமிழ் அகராதி அலுவலகத்தில் துணைப் பதிப்பாசிரியராக இருந்த சல்லிவேரை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது.

சல்லிவேர் என்பது தட்டச்சுப் பிரிவில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர். எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அதன் பூர்வீகத்தைத் தோண்டாமல் விடமாட்டார். பெரிய மேதை என்று சொல்லமாட்டேன். பிடிவாதக்காரர், அதில் பாதியைப் புலமை என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

சந்தேகத்துக்குரிய சொல்லின் மூலத்தைக் கைதூக்கி முடிவுசெய்வது அந்த அலுவலகத்தின் வழக்கம். ஆராய்ச்சி என்றால் நாளாகும், கையைத் தூக்க எவ்வளவு நேரம்? பல சொற்கள் இப்படித்தான் பெரும்பான்மையால் பிறப்பிடம் பெற்றன.

‘லெட்’ மட்டும் அடங்கவில்லை. ஆண்டுதோறும் குழுவுக்கு வந்துகொண்டிருந்தது. வாடகை வீட்டு வாசலில் ‘டு லெட்’ என்று தொங்குகிறதே, அது ‘விடு’ என்ற பொருள். டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையை உரசினால் ‘லெட்’ என்கிறார்களே, அதில் மிச்சமிருப்பது ‘தடு’ என்ற பழம்பொருள். பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டு தனி வினைகள், நாளாவட்டத்தில் ஒலி தேய்ந்து ஒரே முகமாகிவிட்டன, ஆகவே இரண்டு பதிவு வேண்டும் என்பது சல்லிவேரின் கட்சி.

குழுத் தலைவர் குடிநீர்த் துறையிலிருந்து மாற்றலாகி வந்தவர்.

“ஏன்யா, ஒரு குழாய்ல ரெண்டு தண்ணி வருமா?”

“ரெண்டு தொட்டியிலேர்ந்து வந்து கலந்திருக்கு சார்.”

“அப்ப ஒரு பேருக்கு ரெண்டு அப்பன்ங்கறீங்க. பிள்ளைங்க படிக்கிற புஸ்தகம்யா இது.”

கைகள் தலைவர் பக்கம் உயர்ந்தன. சல்லிவேரின் கை தனியாக நின்றது.

ஓய்வுபெறும் ஆண்டு வந்தது. பணி நீட்டிப்பு தலைவரின் கையில் இருந்தது. அந்த மேசையை விட்டால் சல்லிவேருக்குப் போக்கிடமில்லை என்பது வீட்டுக்கும் தெரியும்.

“இந்த ஒரு தடவை அவங்க பக்கம் தூக்கிட்டு வாங்களேன். கை தேஞ்சா போயிடும்?” என்றார் மனைவி.

“தப்பும்மா அது.”

“நாளெல்லாம் வீட்டுல உக்காந்து எனக்கு வேர்ச்சொல் சொல்லுவீங்களே, அது மட்டும் சரியா?”

அந்த ஆண்டுக் கூட்டத்துக்கு முன்பு தலைவர் ஒரு வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போய்வந்திருந்தார். தேநீர் இடைவேளையில் யாரோ சொன்னதைக் கேட்டு ஞானம் பெற்றிருந்தார்.

“‘லெட்’ ரெண்டு சொல்லுங்க. இதுகூடவா தெரியாம இருந்தீங்க?” என்று குழுவைக் கடிந்துகொண்டார்.

“எனக்கு ரொம்ப நாளாவே ஒரு சந்தேகம் சார்” என்றார், போன ஆண்டு எல்லோருக்கும் முந்திக் கை தூக்கிய உறுப்பினர்.

தலைவர் சல்லிவேரைப் பார்த்துச் சிரித்தார். “உங்க நீட்டிப்புக்கும் இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன். எல்லாரும் ஒண்ணா நிக்கணும், அவ்வளவுதான். ரெண்டுங்கறவங்க தூக்குங்க.”

கைகள் எழுந்தன. பக்கத்து நாற்காலிக்காரர் முழங்கையால் இடித்தார். “தூக்குங்க சார், நீங்க சொன்னதுதானே.” சல்லிவேர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணுங்கறவங்க யாராவது?” முறைக்காகத்தான் கேட்டார் தலைவர்.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று மனைவி கேட்டிருக்கிறார், நானும் கேட்டிருக்கிறேன். சல்லிவேர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிதானமாகத் தன் கையைத் தூக்கினார்.